விண்ணப்பதாரரை நன்கு அறிந்தவர்

வேதியியல் துறையில் மாணவர்களை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் மதிப்பிற்குரிய பேராசிரியை அம்மா அவர்களுக்கு,

உங்கள் துறையில் இரண்டாம் வருஷம் படிக்கிற சுண்டுவின் பாட்டி, அதாவது அவள் அம்மாவைப் பெற்றவள், பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகள், பேத்தி மூவரும் சுகம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டாரும், உங்கள் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிச் சாமான்களும் கீறல் விழாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். கருத்துப் பிழை இருந்தால் மட்டும் மன்னிக்க வேண்டாம், ஆள் அனுப்பிக் கேளுங்கள், நேரில் வந்து விளக்கம் சொல்கிறேன்.

உங்கள் துறையின் நோட்டீஸ் ஒன்று எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். இளநிலை மாணவர்களும் விடுமுறையில் பேராசிரியர்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யலாம், இடம் கொஞ்சம்தான், ஆர்வம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம், கூடவே ‘விண்ணப்பதாரரை நன்கு அறிந்த ஒருவரிடமிருந்து’ சிபாரிசுக் கடிதம் வைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். இந்தக் கடைசி வரியில்தான் அம்மா எங்கள் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. சுண்டுவுக்கு ஆர்வம் என்றால் அப்படி ஒரு ஆர்வம். அந்த நோட்டீஸ் வந்த நாளிலிருந்து சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் சாப்பிடுகிறாள். ஆனால் நன்கு அறிந்தவருக்கு எங்கே போவாள்? வாய் திறக்காத பிள்ளை. கிளாசில் அத்தனை பேருக்கு நடுவே சன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறவளை யாருக்குத் தெரியும்?

முதலில் ஒரு சாரிடம் போயிருக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்த்து, “நீ பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்டாம்மா?” என்று கேட்டாராம். வருஷம் முழுக்க அவர் பாடம் கேட்டவள். “இல்ல சார், உங்க கிளாஸ்தான்” என்று சொல்லியிருக்கலாமா இல்லையா? இவள், “சாரி சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள், ஏதோ இவள்தான் தப்பான ரூமுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி. அடுத்தது ஒரு மேடம். அவர் தங்கமானவர், முகத்தை ஞாபகம் வைத்திருந்தார். ஆனால் அவருக்கு மூச்சு விட நேரமில்லை. “உன்னைப் பத்தி நீயே நல்லா எழுதி எடுத்துட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்று சொன்னாராம். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கிறதாம், அதில் தப்பில்லையாம். எனக்கு ரொம்ப நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. நம்மைப் பற்றி நாமே எழுதிக்கொள்ளலாம், கையெழுத்து மட்டும் ஊரார் போடுவார்கள் என்றால் நான் ஒரு புத்தகமே எழுதியிருப்பேன்.

சுண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். எழுதினாள், கிழித்தாள், எழுதினாள், கிழித்தாள். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்த என் மகள் இதைப் பார்த்துவிட்டு, “என்னடி, கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறே, இவ்வளவு யோசிக்கிறே?” என்றாள்.

“‘ஆராய்ச்சித் திறமை மிகுந்தவர்’னு எழுதணுமாம்மா. நான் இன்னும் ஆராய்ச்சியே செஞ்சதில்லையே. திறமை இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“எல்லாரும் எழுதறதுதானே.”

“அதான்மா கேக்கறேன். எல்லாருக்கும் அது எப்படித் தெரிஞ்சுது?”

என் மகள் எப்பேர்ப்பட்ட முரட்டு ஆளையும் உட்காரவைத்து ஊசி போட்டுவிடுகிறவள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் எழுந்து குளிக்கப் போய்விட்டாள். சாயந்தரம் மேசையைத் துடைக்கப் போனபோது பார்க்கிறேன், தாளில் ஒரே ஒரு வரி. ‘இவர் வகுப்புக்குத் தவறாமல் வருவார்.’ அதற்கும் கீழே, ரொம்ப யோசித்திருப்பாள் போல, ‘காய்ச்சல் வந்த நாட்கள் தவிர.’ அம்மா, இப்படித் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற பிள்ளைக்கு இந்தக் காலத்தில் யார் வேலை கொடுப்பார்கள், யார் பெண் கேட்பார்கள், நீங்களே சொல்லுங்கள். மறுநாள் கேட்டால், “விடு பாட்டி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றாள். அந்த ‘விடு’வை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். அதோடு விண்ணப்பமும் கண்ணில் படவில்லை. எங்கேயாவது பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டியிருப்பாள்.

அப்போதுதான் நான் ஃபிரிட்ஜ் கதவை இன்னொரு தரம் படித்தேன். நன்கு அறிந்த ஒருவர் என்றுதான் போட்டிருக்கிறதே தவிர, பட்டம் வாங்கியவர் என்று எங்கேயும் இல்லை. அவளை என்னைவிட நன்கு அறிந்தவர் இந்த உலகத்தில் கிடையாது. பிறந்ததும் நர்ஸ் கையிலிருந்து வாங்கியது நான். அவள் அம்மா ஷிப்டுக்கு ஓடினபோதெல்லாம் தூளி ஆட்டியது, விழுந்த பல்லை எடுத்து வைத்தது, பரீட்சைக்கு எழுப்பியது எல்லாம் நான். ஆகவே இதையே சிபாரிசுக் கடிதமாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரிக் கடிதத்தில் நல்லதை மட்டும்தான் எழுதுவார்களாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், நல்லதை நீங்கள் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

சின்ன வயசிலேயே அவள் எனக்கு ஒரு வழக்கு வாங்கிக் கொடுக்கப் பார்த்தாள். இரும்பு எதனால் துருப்பிடிக்கிறது என்று பாடத்தில் வந்ததாம். படித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? அடுக்களை மேடையில் எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்து, ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் காய்ச்சி ஆறவைத்து மேலே எண்ணெய் ஊற்றிய தண்ணீர் என்று ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ஆணியைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், மொட்டை மாடியில் யார் குப்பை போட்டது என்று விசாரிக்க வந்தார். வெயிலில் வந்த மனுஷன் தண்ணீர் கேட்டார். நான் கைக்கு எட்டிய டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். அவர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். கடைசியில் ஆணி வந்து முன்பல்லில் ‘டிங்’கென்று இடித்தது. அவர் போட்ட சத்தத்தில் மேல் மாடி, கீழ் மாடி எல்லாம் திரண்டு வந்துவிட்டது. “குப்பை யார் போட்டதுன்னு கேட்டா ஆணி வெச்சுக் கொல்லப் பார்க்குது இந்தம்மா!” என்கிறார். நான் அழாத குறை. இவ்வளவு கலவரத்துக்கு நடுவே பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறாள் சுண்டு. எல்லாரும் சொல்வதைக் கேட்டாள். செயலாளரைப் பார்த்தாள். “அங்கிள், எந்த டம்ளர்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த அடி எனக்கே வலித்தது. அப்புறம் மன்னிப்புக் கேட்டாள், அது வேறு. ஆனால் மறுநாள் பார்த்தால் எல்லா டம்ளரையும் கொட்டிக் கழுவிக்கொண்டிருக்கிறாள். “குடிச்சது ஒண்ணுதானேடி, மத்ததை ஏன் கொட்டறே?” என்றால், “எல்லாம் ஒரே நாள்ல ஆரம்பிச்சாத்தான் பாட்டி ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட முடியும்” என்கிறாள். சரி என்று விட்டால், கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கொட்டுகிறாள். டம்ளரும் ஒரு உலோகம்தான், ஆணி அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் துருவுக்கு எது காரணம் என்று குழப்பம் வரும், கண்ணாடியில் வைத்திருக்கணும் என்று வாத்தியார் சொன்னாராம். ஊறுகாய் பாட்டில் எல்லாம் போயிற்று. எனக்கு மூன்றாவது தடவை ஆணியைப் பார்த்தபோது ஆணி மேலேயே இரக்கம் வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் அலுக்கவே இல்லை.

அதே செயலாளருக்கு அவள் இரண்டாவது தடவையும் கெடுதல் செய்தாள். இது பெரிய வகுப்பில். எங்கள் குழாயில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. ஏன் என்று பார்க்கிறேன் என்று கிளம்பியவள், வீடு வீடாகப் போய் பாட்டிலில் தண்ணீர் வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தாள். எங்கள் வீட்டு பாட்டிலில் நுரை எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. செயலாளர் வீட்டு பாட்டிலில் மட்டும் கழுத்து வரை பொங்கியது. அவ்வளவுதான். இந்த விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. (எப்படியோ என்ன, நான்தான் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டில் சொன்னேன்.) நல்ல தண்ணீரைத் தன் வீட்டுக்கு மட்டும் தனிக் குழாயில் இழுத்துக்கொண்டார் என்று கூட்டம் போட்டுவிட்டார்கள். அறிவியல்பூர்வமாக நிரூபணம் ஆகிவிட்டது என்று ஒருவர் மேசையைத் தட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் பேத்தி குலுக்கிய பாட்டிலில் ஒரு ஆட்சியே கவிழப்போகிறது என்று இருந்தேன்.

அந்த நேரத்தில் இவள் என்ன செய்திருக்க வேண்டும்? கம்மென்று இருந்திருக்க வேண்டும். இருந்தாளா? எல்லா வீட்டிலும் மறுபடியும் தண்ணீர் வாங்கி மறுபடியும் குலுக்கியிருக்கிறாள். எல்லா பாட்டிலும் ஒன்றுபோல் படுத்துக்கொண்டது, செயலாளர் வீட்டு பாட்டில் உள்பட. முதல் தடவை அந்த ஒரு பாட்டிலைச் சரியாக அலசாமல் விட்டிருக்கிறாள், பழைய சோப்பு உள்ளேயே இருந்திருக்கிறது. என்னிடம் வந்து, “பாட்டி, நான் சொன்னது தப்பு” என்றாள். “சரி, தெரிஞ்சுக்கிட்டே இல்ல, வாயை மூடிக்கிட்டுப் போய்ப் படு” என்றேன். “இல்ல பாட்டி, சொல்லணும்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, “நான் பாட்டில் சரியா கழுவல. தண்ணி எல்லார் வீட்டுலயும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு வந்தாள். மேசை தட்டினவர் வீட்டிலும் போய்ச் சொன்னாள். கடைசியாகச் செயலாளர் வீட்டிலும் சொன்னாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டாராம். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு இரண்டு கட்சியிலும் ஆள் இல்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது அம்மா. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகத் தெரியவில்லை. உங்கள் தொழிலுக்கு எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவளுடைய பிராக்டிகல் மார்க் குறைவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்துகிற பரீட்சையாம். எத்தனையில் நிறுத்த வேண்டும் என்று சீனியர் பிள்ளைகளிடமிருந்து எண் வழிவழியாக வந்துகொண்டிருக்கிறதாம், எல்லாரும் அதையே எழுதிவிடுவார்களாம். இவளுக்கும் ஒரு நல்ல பிள்ளை காதில் சொல்லியிருக்கிறது. இவள் தனக்கு வந்ததைத்தான் எழுதினாள். அது வேறாக வந்திருந்தது. மார்க் போயிற்று. இவள் எழுதியதுதான் சரி என்று நான் சண்டைக்கு வரவில்லை அம்மா. அவள் கைதான் அவசரப்பட்டிருக்கும், கண்தான் பிசகியிருக்கும். அவளே அப்படித்தான் சொல்கிறாள். ஆனால் வந்ததை எழுதினாள். அதை மட்டும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் அவளையே கேட்டேன், “இந்த ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு உருகறியே, அது என்னடி அது? இப்ப படிக்கிறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?”

“இப்ப செய்யறதுக்கெல்லாம் விடை முன்னாடியே தெரியும் பாட்டி. அதுல தெரியாது.”

“வாத்தியாருக்குத் தெரியுமில்ல?”

“அவங்களுக்கும் தெரியாது.”

“அப்போ நீ எழுதறதை யார் திருத்துவா?”

“யாரும் இல்ல. மறுபடி செஞ்சு பார்க்கணும். வேற யாராவது செஞ்சாலும் அதே வருதான்னு பார்க்கணும்.”

நான் படித்த அஞ்சு வகுப்பிலும் வாத்தியாருக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை. அவர் கேள்வி கேட்பார், விடை அவர் கையிலேயே இருக்கும், பிரம்பும் அதே கையில் இருக்கும். நாங்கள் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம். சுண்டுவைப் பிரம்பால் யாரும் அடித்ததில்லை, ஆனால் அவளும் விடை தெரிந்தவர்களின் முன்னால்தான் ஊமையாகிவிடுகிறாள் என்று அன்றைக்குப் பருப்பை அரித்துக்கொண்டே யோசித்தேன். விடை யாருக்குமே தெரியாது, எல்லாரும் சேர்ந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிற இடம் ஒன்று இருக்கிறதென்றால், அவளுக்கு அங்கே ஒரு ஸ்டூல் கிடைத்தால் தேவலை. அவள் ஏதாவது கண்டுபிடிப்பாள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பாட்டில் கழுவுவதை மட்டும் இனி ஒழுங்காகச் செய்வாள், அதற்கு நான் ஜாமீன்.

குறையும் சொல்லிவிட வேண்டும். அவள் தனக்காக ஒன்றும் கேட்க மாட்டாள். சாப்பாட்டில் இரண்டாவது தடவைகூடக் கேட்க மாட்டாள், நாமாகப் போட வேண்டும். நீங்கள் எதிரே உட்காரவைத்து, ‘உனக்கு ஏன் இடம் தரணும்?’ என்று கேட்டால் அவள் தரையைத்தான் பார்ப்பாள். அதைப் பார்த்து ஒன்றும் தெரியாதவள் என்று எழுதிவிடாதீர்கள். அவளுக்குப் பதிலாகப் பேச ஆள் வேண்டும் என்றுதான் நான் இவ்வளவு எழுதினேன். அவள் வாயாக என்னை நினைத்துக்கொண்டு ஒரு இடம் தர வேண்டும்.

நீங்கள் கலக்க நினைத்தது கலந்து, பிரிக்க நினைத்தது பிரிந்து, அடுப்பில் வைத்தது எதுவும் பொங்கி வழியாமல், மூக்கும் கண்ணும் கெடாமல், உங்கள் பிள்ளைகள் உங்களையும் மிஞ்சிப் பெயரெடுத்து, நீங்கள் நீண்ட காலம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வயதில் மூத்தவள் என்பதால் வாழ்த்தலாம் அல்லவா.

இப்படிக்கு,
விண்ணப்பதாரரை நன்கு அறிந்த,
சுண்டுவின் பாட்டி

பின்குறிப்பு: அம்மா, இதை உங்கள் துறை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா உங்கள் ஆபீசில் இருக்கிற அம்மாவுடையது. தபாலில் போட்டால் போய்ச் சேராது என்று நேரிலேயே கொண்டுவந்தேன். யாரைப் பார்க்கணும் என்று அந்த அம்மா கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். “யாரு, சன்னமா, கண்ணாடி போட்டிருக்குமே, அந்தப் பொண்ணா? அது போன வாரத்துலேருந்து சாயந்தரமானா இங்கதானே இருக்கு!” என்கிறார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. லைப்ரரியில் இருந்தேன் என்றல்லவா எங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! ஆகவே பொய் சொல்ல வராது என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களுக்கே சொல்கிறேன், ஆனால் எனக்குப் புதிது. விண்ணப்பத்தில் அந்தச் சிபாரிசு இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு எடுத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றாளாம். “என்னை நல்லா தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்ல மேடம். கொஞ்ச நாள் வேலை கொடுத்துப் பாருங்க. பார்த்துட்டு நீங்களே எழுதுங்க. வேணாம்னு தோணினா அதையும் எழுதுங்க” என்றாளாம். நீங்கள் சிரித்துவிட்டீர்களாம். ஆபீஸ் அம்மா அதை நடித்தே காட்டினார். தனக்காக ஒன்றும் கேட்க மாட்டாள் என்று எழுதினேனே, அதையும் அடித்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் ஆய்வுக்கூடக் கதவில் இருக்கிற கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தேன். சுண்டுதான். வெள்ளைக் கோட்டு, தோள் தொங்குகிறது. ஒரு உயரமான பையன், சீனியராக இருப்பான், “போதும்மா, எழுதிக்கோ, டீ ஆறிடும்” என்கிறான். “இல்லண்ணா, இன்னும் காயல. ஒவ்வொரு தடவையும் எடை குறைஞ்சுக்கிட்டே வருது பாருங்க. அது ஒரு இடத்துல நின்னாத்தான் எழுதணும். நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்று விரட்டுகிறாள். வராந்தா வரை கேட்கிற குரல். அவன் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. தூளியில் இருந்த நாளிலிருந்து பார்க்கிறவள், எனக்கே தெரியாது.

ஆகவே மேலே எழுதியது ஒன்றும் செல்லாது அம்மா. அதை எழுதத் தகுதியான ஆள் நான் இல்லை. கிழித்துவிட்டு எழுந்து போயிருப்பேன், உங்களிடம் கேட்க ஒன்று இருப்பதால் கொடுத்துவிட்டுப் போகிறேன். நான் வந்ததை அவளிடம் சொல்ல வேண்டாம். லைப்ரரி என்றே சொல்லட்டும், அவளாக ஒருநாள் சொல்வாள். விடுமுறை முடியும்போது, அவளை நீங்கள் நன்கு அறிந்த பிறகு, நேரம் கிடைத்தால் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.